துணைக்கால்

காபியில் சர்க்கரை போதவில்லை என்றால் சொல்லுங்கள். இன்னொருவருக்காகக் காபி கலந்து பழக்கம் விட்டுப்போயிற்று. என் கணவருக்குக் கடைசி ஒன்றரை வருடம் எல்லாமே வயிற்றுக் குழாய் வழியாகத்தான். குழாய்க்கு இனிப்பும் தெரியாது, கசப்பும் தெரியாது.

பதிவுக் கருவியை மேஜை மேலேயே வையுங்கள். நான் எதையும் பூசி மெழுகப் போவதில்லை. நேற்று உங்கள் அலுவலகத்தில் அந்த வீடியோவை மூன்று தடவை போட்டுக் காட்டினீர்கள். ஒரு தடவையே போதும். பதினெட்டு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவள் நான். என் பிழை எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

என் கணவர் ராணுவத்தில் இருபத்தாறு வருடம் இருந்தார். அவர் விடுமுறைகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தது நாலு வருடம்கூட வராது. பிள்ளை இல்லை. கடிதம் போடுவார். நலம், நலமறிய ஆவல், இங்கே குளிர் அதிகம். குளிரைப் பற்றி எழுதிய அளவுக்கு என்னைப் பற்றி எழுதியதில்லை. ஓய்வு பெற்று வந்தால் பேசுவார் என்று இருந்தேன். வந்த இரண்டாம் வருடம் சட்டைக்குப் பித்தான் போடக் கை வரவில்லை. ஏ.எல்.எஸ். என்றார்கள். நரம்பு ஒவ்வொன்றாகச் செத்து, தசை சொன்ன பேச்சைக் கேட்காமல் போகிற நோய். கை போயிற்று, கால் போயிற்று, கடைசியில் நாக்கும் போயிற்று. புத்தி மட்டும் அப்படியே இருந்தது. கண்ணும் இருந்தது.

படையில் இருந்தவருக்கு இந்த நோய் வந்தால் வீட்டுப் பராமரிப்புச் செலவை உங்கள் முன்னாள் படைவீரர் நலத்துறை ஏற்கும் என்று தெரிந்ததும் மனுப் போட்டது நான்தான். பதினோரு மனு. உங்கள் அலுவலகப் படி ஏறி இறங்கி என் செருப்பு தேய்ந்தது. ஆண்டுக் கணக்கில் பதில் இல்லை. அந்த ஆண்டுகளில்தான் பலகை எங்கள் வீட்டுக்கு வந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் செய்து கொடுத்த பலகை அது. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக மெய்யெழுத்துகள், மேலே குறுக்காக ஒரு புள்ளியும் உயிரெழுத்துகளும். மெய் வரிசையில் விரலை இறக்குவேன். வேண்டிய எழுத்து வந்ததும் அவர் கண்ணை மேலே தூக்குவார். பிறகு உயிர் வரிசையில் விரலை நகர்த்துவேன். மறுபடி கண் உயரும். இரண்டும் சேர்ந்தால் ஓர் எழுத்து. இப்படித்தான் ஒரு மனிதன் என்னிடம் பேச ஆரம்பித்தான். கல்யாணமாகி முப்பது வருடம் கழித்து.

என்ன பேசினார் என்று கேட்பீர்கள். முதுகு. தலையணை. ஈ. ஈ என்றால் மூக்கில் உட்கார்ந்த ஈ. ஓர் எழுத்தோடு வேலை முடிந்துவிடும்.

ஒட்டகம் என்று ஒரு நண்பர். படையில் வைத்த பெயர். கழுத்தைப் பார்த்தால் காரணம் கேட்கத் தோன்றாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். இரண்டே ஞாயிறில் பலகையைப் பழகிக்கொண்டார். அவரிடம் இவர் வாக்கியம் வாக்கியமாகப் பேசினார். ஒருநாள் அரைமணி நேரம் எழுத்தோடு மல்லுக்கட்டிவிட்டு ஒட்டகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் கணவரின் கண்ணும் சிரித்தது. நான் அடுக்களையிலிருந்து ஓடி வந்தேன்.

"என்ன சொன்னார்?"

"அது எங்க பழைய கதை, தங்கச்சி. உனக்குச் சொன்னாப் புரியாது."

எனக்குத் தனிமையாக இருந்தது. இதைவிட வேறு சொல் போட்டு எழுதிக்கொள்ளாதீர்கள். அவர் ஊரில் இல்லாத இருபத்தாறு வருடத்தில் அவ்வளவு இல்லை.

அடுத்த ஞாயிறு ஒட்டகத்தை வாசலிலேயே நிறுத்தினேன். "இனிமே வர வேண்டாம்னு சொல்லிட்டார்."

"அவனாவா சொன்னான்?"

"எழுத்துக் கூட்டித்தான் சொன்னார்."

கையில் இருந்த பழப்பையை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே வந்து, ஒட்டகத்துக்கு உடம்பு சரியில்லையாம் என்றேன். ஐந்து ஞாயிறு இவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவது ஞாயிறு பார்க்கவில்லை. பழம் நன்றாகத்தான் இருந்தது, நானே சாப்பிட்டேன்.

இந்த நிலையில் உங்கள் துறையின் உத்தரவு வந்து சேர்ந்தது. கேட்டதைவிட அதிகமாகவே கொடுத்திருந்தீர்கள். இரண்டு வேளைக்கும் பயிற்சி பெற்ற செவிலியர். சளியை இருமி வெளியே தள்ள ஒரு மெஷின். கண்ணசைவைப் படித்து உரக்கப் பேசுகிற கணினி. படித்துக் காட்டினேன். அவர் பலகையைப் பார்த்தார். எடுத்தேன். இருபது நிமிடம் ஆயிற்று.

"நீ தூங்கணும். ஆள் வரட்டும்."

என்னிடம் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். நீங்கள் அதை அன்பு என்பீர்கள். ஒரு நாள் முழுக்க நானும் அப்படித்தான் நினைத்தேன். பிழை திருத்துகிறவள் புத்தி, எதையும் இரண்டாம் தடவை படிக்கும். படித்துப் பார்த்தால், இத்தனை வருடம் கழித்து எனக்கென்று ஒரு பேச்சு வருகிறது, அதில் நான் தூங்கப் போகிறேன், வேறு யாரோ வருகிறார்கள். வருகிறவர்களும் பலகை படிப்பார்கள். கணினி ஊருக்கெல்லாம் பேசும். எனக்கு மறுபடி முதுகும் தலையணையும்தான் மிஞ்சும்.

அவருடைய சம்மதத்தைப் பதிந்துகொள்ள உங்கள் துறையிலிருந்து ஓர் அம்மா வந்தார். நல்ல மனுஷி, செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். ஆம், இல்லை என்று கண் காட்டினால் போதாதாம். தற்செயலாக அசைந்தது என்று பிற்பாடு தகராறு வருமாம். பயனாளி தன் சொல்லில் சொல்ல வேண்டும் என்பது விதி. கைப்பேசியைத் தண்ணீர்க் குடுவையில் சாய்த்துப் படம் பிடிக்க வைத்தார்.

"சார், வீட்டுக்கு நர்ஸ், மெஷின், கம்ப்யூட்டர் எல்லாம் அனுப்பலாமா? நீங்களே சொல்லுங்க."

பலகையைப் பிடித்தேன். வே. ண். இதுவரைக்கும் வேண்டும் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் ஒரே வழிதான். விரலை மறுபடி மேலிருந்து இறக்கினேன். ட் வந்ததும் கண் உயர்ந்தது. பிறகு உயிர் வரிசை. புள்ளி, அ, ஆ. அங்கே நிறுத்தினேன். அவர் கண் உயரவில்லை. இன்னும் இரண்டு எழுத்து தாண்டி இருக்கிற உ வரட்டும் என்று காத்திருந்தது. காத்திருந்ததில் ஒருமுறை இமைத்தார்.

"டா" என்றேன். "வேண்டாம்ங்கிறார்."

"நல்லாக் கேட்டுட்டீங்களா?"

"பட்டாளத்துக்காரர். வெளியாள் தொட்டா அவருக்குப் பிடிக்காது."

டுவுக்கும் டாவுக்கும் நடுவில் ஒரு துணைக்கால். அச்சகத்தில் இந்தத் துணைக்கால் விட்டுப்போனதற்காக ஆயிரம் கல்யாணப் பத்திரிகையை மறுபடி அடிக்க வைத்திருக்கிறேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து, உங்களை மாதிரி பொறுமை யாருக்கு வரும் என்றார். என் கணவர் போன பிறகு அந்த வீடியோவை உங்கள் ஆட்களுக்குப் பாடமாகவே போட்டுக் காட்டினார்களாம். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது எங்களுக்குப் பலகை செய்து கொடுத்த அதே பெண். எழுத்தைப் பார்க்காமல் கண்ணைப் பார்க்கத் தெரிந்தவள்.

இதில் எனக்குப் பைசா லாபமில்லை என்பதுதான் உங்களைக் குழப்புகிறது, இல்லையா? நேற்று நீங்கள் என் வங்கிப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தபோது பாவமாக இருந்தது.

அன்றைக்குப் பிறகு பலகையைத் தூக்கினால் அவர் கண்ணை மூடிக்கொண்டார். எட்டு மாதம். கோபம் என்று சொல்ல மாட்டேன், களைப்பு. நான் விடவில்லை. தினமும் காலையிலும் மாலையிலும் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரியாதா, சொல்லுங்கள். நானே எழுத்துக் கூட்டி, நோட்டில் எழுதி, அவருக்கே படித்துக் காட்டினேன். உன் கை நல்ல இதம். இன்னிக்கு உனக்கு இந்தப் புடவை நல்லா இருக்கு. நீ இல்லாம நான் என்ன பண்ணுவேன். அந்த நோட்டு உங்கள் கோப்பில் இருக்கிறது. கையெழுத்து என்னுடையது, பேச்சு அவருடையது. அதில் ஒரு சந்திப் பிழைகூட இருக்காது.

கடைசி நாளுக்கு வருகிறேன். மதியம். அசதியில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது அவர் தொண்டையில் கரகரவென்று சத்தம். கண் திறந்திருந்தது. பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு அவராகப் பலகையைக் கேட்கிறார். சந்தோஷத்தில் பாய்ந்து பலகையை எடுத்தேன்.

ச. ளி.

நாங்களே முன்பு வாங்கி வைத்திருந்த சளி உறிஞ்சும் கருவி கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. குனிந்தால் எடுத்துவிடலாம். எடுத்திருந்தால் அவர் அன்றைக்குப் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதியிருக்கிறார், எனக்கும் அதில் மறுப்பு இல்லை. ஆனால் வேலையைச் செய்து முடித்தால் கண்ணை மூடிக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். சளி என்பது ஒரு வாக்கியத்தின் ஆரம்பமாகக்கூட இருக்கலாம். "சொல்லுங்க, இன்னும் சொல்லுங்க" என்று விரலை மறுபடி மேலிருந்து இறக்கினேன். ச் வந்தபோது கண் உயர்ந்தது. உயிர் வரிசையில் முதல் எழுத்துக்கே மறுபடி உயர்ந்தது. மறுபடியும் ச. அதற்கப்புறம் கண் எந்த எழுத்துக்கும் உயரவில்லை. வரிசை முழுவதும் நான்கு தடவை போய்வந்தேன். முகம் நிறம் மாறிய பிறகும் ஒரு தடவை போனேன்.

ஆமாம், தெரிந்தேதான். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அந்த எட்டு மாதத்தை அறிக்கையில் சித்திரவதை என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு நிறைவாக என்றைக்குமே இருந்ததில்லை. அவர் உயிரோடு இருந்து, நீங்கள் நேராக அவரையே கேட்டிருந்தாலும், அதைத்தான் சொல்லியிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து நானே படித்துச் சொல்லியிருப்பேன்.