‘உடனடியாக’ என்றால் எத்தனை விநாடி

போர்ட் ஹார்னி காவல் நிலையத்தில், டிசம்பர் 19, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, சார்ஜென்ட் லினெட் ஃபோலி கேட்டுப் பதிவு செய்த வாக்குமூலம்.

என் பெயர் ஜாரட் ப்ரோக்மன். வயது 28. முகவரி: 14, ஜெட்டி ரோடு, போர்ட் ஹார்னி, தென் ஆஸ்திரேலியா. இவ்வூர் தானியத் துறைமுகத்தை நடத்தும் நிறுவனத்தில் நான்கு வருடமாகப் பொறியாளராக இருக்கிறேன். ஓர் இயந்திரம் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, அதைக் கட்டப்போகிறவர்களுக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. எங்கள் அலுவலகத்தில் இதைத் தட்டச்சு வேலை என்று நினைக்கிறார்கள்.

கிடங்கிலிருந்து கப்பல் மேடைக்குச் சரிவில் இறங்கும் புதிய கன்வேயர் பெல்ட்டுக்கான ஆவணத்தை நான் எழுதினேன். பெல்ட்டின் ஓரமாக நீளத்துக்கும் ஒரு கயிறு கட்டியிருக்கும். ஆபத்து என்றால் அதை இழுக்க வேண்டும். அதைப் பற்றி நான் எழுதிய வரி இது: முழுச் சுமையோடு ஓடும்போது கயிறு இழுக்கப்பட்டால், நான்கு விநாடிக்குள் பெல்ட் முற்றிலும் நிற்க வேண்டும். தானியம் ஏறிய பெல்ட் சரிவில் தன் கனத்தாலேயே ஓடும் என்பதால், அதற்குத் தனியாக பிரேக் தேவைப்படும் என்பது எனக்குத் தெரியும்.

அதன் பிறகு, மார்ச் 12 அன்று கூட்டம் நடந்தது. திட்ட மேலாளர் வாரன் பென்ஹேல் வந்திருந்தார். ‘பாதுகாப்பே முதல்’ என்று அச்சடித்த கோப்பையில்தான் அவர் எப்போதும் காபி குடிப்பார். கட்டும் கம்பெனிக்காரர்கள் அந்த வரியைப் பற்றி மூன்று கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். பதில் எழுதினால் ஒரு மாதம் போகும் என்றும், அறுவடை காத்திருக்காது என்றும் வாரன் சொன்னார். அந்த வரியை அடித்துவிட்டு, ‘கயிறு இழுத்தவுடன் உடனடியாக நிற்க வேண்டும்’ என்று போடச் சொன்னார். நான் எண் வேண்டும் என்றேன்.

“மச்சான், நாலு விநாடி வேகமா, உடனடியாங்கிறது வேகமா?” என்று கேட்டார். “நீ போட்டதை விடக் கறாரா நான் போட்டிருக்கேன். இன்னும் என்னடா வேணும் உனக்கு?”

மேசையைச் சுற்றியிருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி தின்றுகொண்டிருந்த ஒருவர் வாயைத் துடைத்துக்கொண்டு, “ஸ்டாப்வாட்ச், விடுப்பா. எல்லாம் சரியா வரும்,” என்றார். அன்றிலிருந்து என் பெயர் ஸ்டாப்வாட்ச். நான் வரியை மாற்றினேன். ‘முழுச் சுமையோடு’ என்ற சொற்களும் அதோடு போயின. போனதை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். சொல்லவில்லை.

அதன் பிறகு, அக்டோபர் 14 அன்று பெல்ட்டைச் சோதித்தார்கள். அறுவடைக்கு முன் கிடங்கில் தானியம் இல்லை. வெறும் பெல்ட்டை ஓட்டினார்கள். வாரனே கயிற்றை இழுத்தார். மூன்று விநாடியில் நின்றது. “பாத்தியா, உன் நாலையே தோக்கடிச்சிட்டோம்,” என்று என் முதுகில் தட்டினார். சோதனைத் தாளில் அவர் கையெழுத்துப் போட்டார். அதன் பக்கத்துக் கட்டத்தில் நான் படித்துப் பார்க்காமலே போட்டேன். மறுவாரம் அவருக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பாதுகாப்புக் கேடயம் வந்தது. கதவைத் திறப்பவர் கண்ணில் முதலில் படும்படி அதை மேசையில் வைத்திருக்கிறார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

அதன் பிறகு, டிசம்பர் 3 அன்று முதல் கப்பலுக்கு பார்லி ஏற்றினார்கள். காலை பதினொரு மணி இருக்கும். கெரி நிச்கே, வயது 41, துப்புரவுப் பணியாளர், பெல்ட்டின் கீழே சிந்திய பார்லியை வாரிக்கொண்டிருந்தார். மண்வெட்டி உருளையில் சிக்கி, அவர் இடது சட்டைக்கையையும் இழுத்தது. அவர் வலது கையால் கயிற்றை இழுத்தார். மின்சாரம் நின்றது. பெல்ட் நிற்கவில்லை. நான் சத்தம் கேட்டு ஓடி வந்தபோது நின்றிருந்தது. அப்போது அவர் கை முழங்கைக்கு மேல் வரை உள்ளே இருந்தது.

மறுநாள் கட்டிய கம்பெனியின் ஆள், “சார், மின்சாரம் உடனடியாத்தானே நின்னுச்சு,” என்று என்னிடம் சொன்னான். அவன் சொன்னதில் தவறில்லை. நாங்கள் எழுதிக் கொடுத்ததை அவர்கள் செய்திருந்தார்கள்; எது நிற்க வேண்டும் என்று மாற்றிய வரியில் இல்லை, தனி பிரேக்கை அவர்கள் வைக்கவில்லை.

அதன் பிறகு, டிசம்பர் 11 அன்று நிறுவனத்தின் விசாரணை அறிக்கை வந்தது. எழுதியவர் வாரன். ‘பணியாளர் கயிற்றை உரிய நேரத்தில் இழுக்கவில்லை’ என்று அதில் இருக்கிறது. உரிய நேரம் என்றால் எத்தனை விநாடி என்று அதிலும் இல்லை. இந்த அறிக்கை நின்றால் கெரி தன் தவறால் காயப்பட்டவர் என்று ஆகும்; வேலையும் போகும்.

அன்று மாலை நான் கண்காணிப்பு கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். சட்டை சிக்கியதற்கும் கயிறு இழுக்கப்பட்டதற்கும் இடையே ஒரு விநாடிகூட இல்லை. கயிறு இழுத்த பின் பெல்ட் நிற்கப் பதினேழு விநாடி. ஐந்து முறை பார்த்தேன். பதினேழுதான். பதிவின் நகலை இத்துடன் கொடுத்திருக்கிறேன். என் பழைய வரி இருந்த ஆவணத்தையும் கொடுத்திருக்கிறேன்.

அதன் பிறகு அடிலெய்டு மருத்துவமனைக்குப் போனேன். கெரியின் இடது கையை எடுத்துவிட்டார்கள். என்னைப் பார்த்து, “வாய்யா ஸ்டாப்வாட்ச், இப்பத்தான் நேரம் கெடைச்சுதா?” என்றார். கொஞ்சம் கழித்து, “நான் எண்ணினேன். பதினொண்ணு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் எண்ணலை. நான் லேட்டாவா இழுத்தேன்?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அதை என்கிட்ட சொல்லி என்ன பண்றது?” என்றார். அதனால் இங்கே வந்திருக்கிறேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. இதனால் என் வேலை போகும். மாற்றிய வரியை எழுதியது என் கை. சோதனைத் தாளில் இருப்பதும் என் கையெழுத்து. வாரன் செய்ததைச் சொல்லி என்னுடையதைக் குறைத்துக்கொள்ள வரவில்லை.

மேற்கண்டதை சார்ஜென்ட் எனக்குப் படித்துக் காட்டினார். ஓரிடத்தில் ‘பெல்ட் சிறிது நேரம் கழித்து நின்றது’ என்று இருந்தது. மாற்றச் சொன்னேன். “ரெண்டும் ஒண்ணுதானே,” என்றார். இல்லை என்றேன். அதை அடித்து ‘பதினேழு விநாடி’ என்று எழுதினார். அடித்த இடத்தில் இருவரும் சுருக்கொப்பம் இட்டோம். இப்போது நான் சொன்னதும் இங்கே எழுதியிருப்பதும் ஒன்றே, எண்கள் உட்பட. அது உண்மை என்று, இந்த முறை படித்துப் பார்த்த பின்பே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஜா. ப்ரோக்மன்