4172-க்கு உரிய கத்தி

பல் செட் செய்கிறவனுக்கு அவசரம் ஆகாது. உங்கள் அம்மாவின் கீழ்வரிசை நான் செய்ததுதான், ஐயா. ஒன்பது வருடமாகிறது. இன்னும் அதில்தான் மாட்டிறைச்சி மெல்கிறார் என்று கேள்வி.

கேட்டதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

என்னிடம் ஒரு மௌசர் துப்பாக்கி இருக்கிறது. தாத்தாக்கள் காலத்துச் சாக்கோப் போருக்குப் போய்த் திரும்பியது. எண் 4172. தோட்டா கிடையாது, நான் தேடியதும் இல்லை. முனையில் மாட்டும் கத்தியைத்தான் தேடினேன். அது இல்லாத துப்பாக்கி, முன்பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. அசுன்சியோனில் மூன்று வாங்கினேன். ஒன்றின் வளையம் குழலில் ஆடியது. ஒன்று நுழையவே இல்லை. மூன்றாவது சரியாக உட்கார்ந்தது. ஆனால் அதில் வேறு எண். இந்த வகைத் துப்பாக்கிக்கும் அதன் கத்திக்கும் ஒரே எண்ணைப் பொறித்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் செட்டும் சிலருக்குப் பொருந்தும். அதற்காகப் போட்டுக்கொள்ள முடியுமா?

போன பிப்ரவரியில் செல்சாவுக்கு மேல்வரிசை கொடுக்கப் போனேன். சிப்பா ரொட்டி சுடும் ருஃபினோவின் மனைவி அவள். அடுப்பு கொல்லைப்புறத்தில் இருந்தது. ருஃபினோ நீளமான ஓர் இரும்பால் தணலைக் கிளறிக்கொண்டிருந்தான். பிடியின் மரம் எரிந்துபோய்த் தோல்வார் சுற்றியிருந்தது. வாங்கி, பிடியை ஒட்டிய குறுக்குப் பட்டையில் இருந்த சாம்பலைத் துணியால் துடைத்தேன். 4172. கடைசி இலக்கமான இரண்டில் பாதியைச் சூடு தின்றிருந்தது.

எனக்குக் கொடுத்துவிடு என்றேன்.

“துப்பாக்கிக்கும் பல் செட் கட்டப் போறீங்களா, பல்லுக்காரரே?” என்று சிரித்தான்.

செல்சா புதுப் பல்லை நாக்கால் தடவிக்கொண்டே சொன்னாள். “கூடவே இவரையும் கூட்டிட்டுப் போங்க. ரெண்டும் சூட்டுல கெட்டுப்போனதுதான்.”

நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். இரும்பை வாங்கி மறுபடி தணலில் செருகினான்.

ஒவ்வொரு புதன்கிழமையும் போனேன். நான்காம் வாரம் காரணத்தைச் சொன்னான். அவனுடைய தாத்தா அந்தக் கத்தியால் எதிரி யாரையும் குத்தவில்லை. தண்ணீர் இல்லாத முள்காட்டில், பக்கத்தில் படுத்திருந்த சொந்த ஊர்க்காரனைக் குத்தினார். அரைக் குடுவைத் தண்ணீருக்காக. அதன்பிறகு அந்த வீட்டில் இரும்பை ஆறவிட்டதில்லை. ரொட்டி சுடாத நாளிலும் தணல் போட்டு அதில் செருகி வைப்பார்கள்.

“சூடா இருக்கிற வரைக்கும் அது தூங்கும். ஆறிச்சுன்னா கேக்கும். உங்க வீட்ல வந்து கேட்டா நீங்க என்ன செய்வீங்க?”

இதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அடுப்பின் வாயைப் பார்த்துச் சொன்னான்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் பயம் எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் பயந்தவர்களின் வாய்க்குள் கை விட்டிருக்கிறேன். பயந்தவனிடம் குரலை உயர்த்தக் கூடாது. விலகவும் கூடாது. பக்கத்திலேயே நின்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் வாயைத் திறந்துவிடுவான்.

ஏப்ரலில் அந்த இரண்டு முழுக்கப் போய்விட்டது. ஏழும் மங்கத் தொடங்கியது. இன்னொரு குளிர்காலம் போனால் அது வெறும் கம்பி. இது அவனுக்குப் புரியவில்லை.

போன புதன் மதியம் துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். ஒரே ஒரு தடவை மாட்டிக் காட்டுகிறேன், ஒன்றும் நடக்காது, உன் கண்ணாலேயே பார் என்றேன். அவன் பயத்தைப் போக்கத்தான். வெகுநேரம் யோசித்தான். பிறகு இரும்பை வாளித் தண்ணீரில் முக்கினான். அது சீறி அடங்கும்வரை சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டே இருந்தான்.

“ஒரு தடவதான். மாட்டிட்டு உடனே கழட்டிரணும்.”

மாட்டினேன். சின்னதாக ஒரு சத்தம். நான் செய்த எதுவும் எந்த வாயிலும் அப்படி உட்கார்ந்ததில்லை.

“சரி, கழட்டுங்க.”

கழலவில்லை என்றேன்.

அவன் ஓரடி பின்னால் போனான். நான் ஓரடி முன்னால் போனேன். பொறு, ஒன்றுமில்லை, இதோ முடிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நாற்காலியில் உட்காருகிறவர்களிடம் சொல்வதைத்தான் சொன்னேன். அவன் முதுகு அடுப்புச் சுவரில் முட்டியது. சுவர் கொதித்திருக்கும். அவன் நகரவில்லை. அப்போது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அதுவரை கூப்பிட்டதில்லை.

“தியோனிசியோ, என்னப் பாருங்க. கத்தியப் பாக்காதீங்க. என்னப் பாருங்க.”

அவ்வளவு பயத்தோடு ஒரு மனிதனை நிற்கவிடுவது சரியில்லை. அவன்தான் முன்னால் வந்தான். நான் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். உங்கள் டாக்டர் மூன்று குத்து என்று எழுதியிருக்கிறார். நான் எண்ணவில்லை.

செல்சா மாவுத் தட்டோடு உள்ளேயிருந்து வந்தாள். கத்தவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளும் பயந்திருந்தாள். அவளிடமும் அப்படியே மெதுவாகத்தான் பேசினேன்.

பிறகு அடுப்பிலிருந்த சிப்பாவை எடுத்து வெளியே வைத்தேன். கருகிவிடும்.

இப்போது எனக்கும் பயமாக இருக்கிறது, மறைக்கவில்லை. அந்தக் கத்தியை எந்த அறையில் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால் நல்லது. இங்கே இரவில் குளிர்கிறது.

உங்கள் ஆள் ஒரே விரலால் பொத்தானை அழுத்திக் கத்தியைக் கழற்றிவிட்டார் என்கிறீர்கள். இருக்கலாம். என் கையில் இருந்தபோது அது கழலவில்லை. பொத்தானை நான் அழுத்திப் பார்த்தேனா என்று கேட்கிறீர்கள். இல்லை, ஐயா. கழலாது என்று தெரிந்த பிறகு எதற்கு அழுத்திப் பார்க்க வேண்டும்?