சுத்தாத ஃபேன்

— இன்னும் எவ்ளோ நேரம்மா? டீயும் ஆறிப்போச்சு. நீயும் ‘இதோ இதோ’ன்னுக்கிட்டே இருக்க.

— ஆயிடும்ண்ணே. வீடியோவ பெருசாக்கி, தெளிவாக்கி வெளிய எடுக்கணும் இல்ல, அதான் ரெண்டர். நீங்க வேணா வீட்டுக்குப் போயிட்டு வாங்களேன். ஆனதும் நானே போன் பண்றேன்.

— திரும்பிப் போறதுக்கா கீழ்பென்னாத்தூர்லருந்து வந்தேன்? நேத்து சாயந்தரம் வேங்கிக்கால் ரோட்டோரம் ஒரு கல்யாண ஜோடிய மலை தெரியற மாதிரி நிக்க வச்சி நீ படம் புடிச்சிருக்க. பின்னாடி எங்க கவியா ஒரு பையனோட ஆட்டோவுல ஏறியிருக்கா. டீக்கடைக்காரன் பாத்துட்டு சொல்லிட்டான். ஆட்டோ நம்பர எடுத்துக்கிட்டு வான்னு அவங்கப்பா அனுப்பியிருக்காரு.

— நீங்க கவியாவுக்கு...

— தாய்மாமன். மணிவேல். அவங்கப்பா ராமதாஸ், எங்க அக்கா வூட்டுக்காரரு, ராத்திரி பூரா கண்ண மூடல. கத்திய வண்டி சீட்டுக்கடியில வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காரு. அவருக்குக் கோவம் வந்தா நான்கூட எதுத்தாப்ல நிக்க மாட்டேன்.

— இதெல்லாம் எதுக்குண்ணே எங்கிட்ட சொல்றீங்க?

— சும்மாதான். இது என்னா, ஸ்கிரீன்ல நூறுன்னு காட்டுது?

— ப்ராசசர்ண்ணே. முழு மூச்சா ஓடுது.

— ரெண்டர் பண்றது கிராபிக்ஸ் கார்டுன்னு வந்தப்பவே சொன்ன. புது கார்டு, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிச்சிடும்னு வெளிய போர்டு வேற. கார்டு செய்யற வேலைக்கு ப்ராசசருக்கு ஏன் மூச்சு வாங்குது?

— எல்லாரும் அப்படித்தாண்ணே கேக்கறாங்க. கிரிவலத்தன்னிக்கு அன்னதானம் போடறாங்க இல்ல? பந்தியில பரிமாறுறவங்கதான் கண்ணுக்குத் தெரிவாங்க. கார்டு அவங்க மாதிரி, மளமளன்னு போட்டுக்கிட்டே போவும். ஆனா அரிசி களைஞ்சி, வடிச்சி, அள்ளி அவங்க கையில குடுக்க பின்னாடி ஒரு ஆளு வேணும். அதான் ப்ராசசர். டிஸ்க்குலருந்து வீடியோவ எடுக்கணும், பிரிக்கணும், சத்தத்த சேக்கணும், அடுத்து இதப் போடு அதப் போடுன்னு கார்டுக்கு சொல்லிக்கிட்டே இருக்கணும்.

— சொல்லிட்டு சும்மா இருக்க வேண்டியதுதான?

— இருக்காதுண்ணே. கார்டு கிட்டயே நின்னுக்கிட்டு ‘ஆச்சா, ஆச்சா’ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். அப்படிக் கேக்கறதும் வேலைதான். சில நேரம் அதுக்கே நூறு காட்டும்.

— என்ன மாதிரின்ற.

— ஐயோ, அப்படி இல்லண்ணே.

— நல்லாத்தான் பேசற. அபிநயாதான உன் பேரு? கவியாவும் நீயும் ஸ்கூல்ல ஒரே பெஞ்சு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?

— அண்ணே, கதவ ஏன் தாழ் போடறீங்க?

— ஒரு காரியமாத்தான். இந்த வீடியோ எங்கெங்க இருக்கு? போன்ல இருக்கா? கேமராவுல? அந்தக் கல்யாண வீட்டுக்கு அனுப்பிட்டியா?

— எங்கயும் இல்லண்ணே.

— சத்தியமா?

— அண்ணாமலையார் மேல சத்தியமா எங்கயும் இல்ல. கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே. எனக்குப் பயமா இருக்கு.

— இந்தப் பொட்டிக்குப் பக்கவாட்டுல கண்ணாடி வச்சிருக்க. உள்ள ஃபேன் வச்சி தட்டையா இருக்கே, அதான் கார்டா?

— ஆமாண்ணே.

— கார்டு வேலை செஞ்சா சூடாயி அந்த ஃபேன் சுத்தணுமே, ஒண்ணுகூட சுத்தலயே. வந்ததுலருந்து பாக்கறேன். பரிமாறுறவன் கையக் கட்டிக்கிட்டு நிக்கறான், வடிக்கறவனுக்கு மட்டும் வேர்த்து ஊத்துது. நீ யாருக்கும்மா சமைக்கற?

— ரெண்டரே ஓடலண்ணே. பழைய கல்யாண வீடியோவையெல்லாம் சுருக்கி ஒண்ணா மூட்டை கட்ட வுட்டிருக்கேன். அதுக்கு ப்ராசசர் மட்டும் போதும். நூறு காட்டுனா நம்பிடுவீங்கன்னு நெனச்சேன். மதியம் வரைக்கும் உங்கள இங்கயே ஒக்கார வச்சிட்டா அவ தப்பிச்சிடுவா. அடிக்கறதுன்னா அடிச்சிக்குங்க. அவளக் காட்டிக் குடுக்க மாட்டேன்.

— மதியம் என்னா, ரிஜிஸ்டர் ஆபீஸா? வேணாம், சொல்லாத. தெரிஞ்சிட்டா மாமா எதுக்க என்னால நிக்க முடியாது. மொதல்ல அந்த வீடியோவ அழி.

— என்னண்ணே சொல்றீங்க?

— அழின்றேன். அதுக்குத்தான் தாழ் போட்டேன். அவ என் மடியில ஒக்காந்து காது குத்திக்கிட்ட பொண்ணும்மா. படிச்சி, வேலைக்குப் போயி, தனக்குன்னு ஒருத்தன புடிச்சிருக்கா, அதுக்கு வெட்டுவாங்களா? மாமாவே நேரா வரேன்னாரு, நான்தான் கால்ல வுழாத குறையா கெஞ்சி முன்னாடி வந்தேன். நீ யாரு பக்கம்னு தெரியல, அதான் முறைச்சிக்கிட்டே இருந்தேன். அழிச்சிடும்மா.

— அதான் சத்தியம் பண்ணேனே, எங்கயும் இல்லன்னு. நேத்தே அழிச்சிட்டேண்ணே.

— அடிப்பாவி. இல்லாத ஒண்ணுக்கா ரெண்டு பேரும் இவ்ளோ நேரம் செத்துக்கிட்டிருந்தோம்?

— அண்ணே, கீழ வண்டி சத்தம். யாரோ படியேறி வராங்க.

— மாமாதான். அழிச்சாச்சுன்னா நம்ப மாட்டாரு. நம்புனாலும் ஆட்டோ ஸ்டேண்டு ஸ்டேண்டா போயி விசாரிப்பாரு. மதியம் வரைக்கும் அவர இங்கதான் ஒக்கார வைக்கணும். ஏம்மா, நெஜமாவே எதையாவது ரெண்டர் ஓட வுடு. ஃபேன் சுத்தணும். அவரு கண்ணு என் கண்ண விட கூர்.

— வுட்டுட்டேன். சுத்துதுண்ணே. நீங்களே பாருங்க.

— ஆமா, சுத்துது. நீ ஸ்கிரீனயே பாத்துக்கிட்டு இரு. கதவத் தொறக்கறேன்.

— என்னா மாப்ள, பட்டப்பகல்ல கதவ சாத்திக்கிட்டு? நம்பரு ஆச்சா இல்லியா?

— வாங்க மாமா, ஒக்காருங்க. கார்டு ஓடிக்கிட்டுதான் இருக்கு. அப்புறமும் இந்த ப்ராசசர் ஏன் சும்மா இருக்க மாட்டேங்குதுன்னு பொண்ணு சொல்லும், பொறுமையா கேளுங்க. அம்மாடி, அரிசி களையறதுலருந்து ஆரம்பி.