மயில்தாம்மா கத்துது

மயில் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் இடம் பார்க்கிறார்கள், அப்புறம் கம்பிவலை விலை கேட்கிறார்கள். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மயிலின் அழகு வளர்க்கிறவனுக்கு, குரல் தெருவுக்கு.

எனக்குப் பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரம்மா. நல்ல மனுஷி. முதல் நாலு மயில் வந்த வாரத்தில் கையில் கத்தரிக்கோலோடு ஓடி வந்தார். "அண்ணே, யாரையோ கழுத்தை நெரிக்கிற மாதிரி சத்தம் கேக்குதே?" கூண்டுப் பக்கம் கூட்டிப்போனேன். கம்பின் மேல் நின்ற ஆண்மயில் கழுத்தை நீட்டி இன்னொரு தடவை அகவியது. அந்தம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "மூஞ்சி ராஜா மாதிரி, குரல் இப்படியா?" என்றார். போகும்போது நீளமான பீலி ஒன்று கொடுத்தேன். அதன்பிறகு எப்போது சத்தம் கேட்டாலும் அவர் மிஷினை நிறுத்துவதில்லை.

தொழிலைப் பற்றிக் கேட்டீர்கள். தோகையைப் பறிக்கக் கூடாது, உதிர்வதைப் பொறுக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை, இணை சேரும் காலம் முடிந்ததும் உதிரும். சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பூச்சி முட்டை சாவதற்காக இரண்டு நாள் ஃப்ரீசரில் வைப்பேன். கண் உள்ள பீலி விசிறிக்கும் நாடக உடைக்கும் போகும். கண் இல்லாத ஓரத்துப் பீலி தொப்பி செய்கிறவர்களுக்கு. முறிந்ததையும் வீசுவதில்லை. தூண்டில் முள்ளில் அதன் இழையைச் சுற்றிப் பூச்சி போலச் செய்கிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள், மீன் ஏமாந்துபோகும்.

மயிலை எனக்குப் பிடிக்கும். ஆனால் உண்மையைச் சொன்னால், நான் அக்காவுக்காக வீட்டோடு இருக்க வேண்டியிருந்ததால்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.

அப்பா அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்கு இருபத்திரண்டு. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் வேலை. என்னை ஆளாக்கிவிட்டுத்தான் தனக்கு என்று இருந்தாள். நான் ஆளாகி முடிப்பதற்குள் அவளுக்கு வயதாகிவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்தும் சேரவில்லை. அன்று படுத்தவள்தான்.

உடம்பு போனதே தவிர குரல் போகவில்லை. முப்பது வருஷம் கம்பி வழியாக ஊர் ஊராகக் கூப்பிட்ட குரல். என்னைத் "தம்பியோவ்" என்பாள். கடைசி எழுத்தை இழுத்து மேலே ஏற்றுவாள். ஃபேனைக் குறைடா என்பாள். குறைத்துவிட்டு வாசல் தாண்டுவதற்குள் கூட்டுடா என்பாள். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். பொழுது சாய்வதற்குள் நாற்பத்தொரு தடவை. அவள் கெட்டவள் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் முடிவில், "உன்னைப் பாடாப் படுத்துறேன்டா" என்று கையைத் தடவிக்கொடுப்பாள். அதற்கும் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும்.

படுக்கைப்புண் வந்தபோது மருந்து போட்டுக் கட்டுவேன். அலறிவிடுவாள். முதல் நாள் தையல்காரம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னண்ணே?" என்றார். எனக்கு ஏனோ வெட்கமாகப் போய்விட்டது. "ஒண்ணுமில்ல, மயில்தாம்மா கத்துது" என்றேன். உள்ளே அக்கா வலியோடு வலியாகச் சிரித்தாள். "அடப்பாவி, என்னை மயிலாக்கிட்டியேடா. தோகைய எங்கடா காணோம்?" இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அதிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு பேச்சாகிவிட்டது.

பகலில் அக்காவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருவாள். போன வருஷம் தோகை உதிர்ந்த மாதத்தில், மகளுக்குப் பிரசவம் என்று நாலு நாள் விடுப்புச் சொன்னாள். நான் சரி என்றேன். மறுநாள் நாடக உடை தைக்கிறவருக்கு நகரத்தில் பீலி கொடுக்க வேண்டியிருந்தது. அக்காவின் கைக்கெட்டும் தூரத்தில் ஸ்டூலைப் போட்டு, தண்ணீர், பிரெட், இரண்டு பழம் வைத்தேன். "சாயங்காலம் வந்துடுவேன்க்கா." "மெதுவா வாடா, மயிலுங்க ஓடியா போகப்போகுது?" என்றாள்.

மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. முகம் கழுவி ஒரு மணி நேரம் படுக்கலாம் என்று லாட்ஜில் அறை எடுத்தேன். வெள்ளை விரிப்பு. ஜன்னலை மூடினால் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு வருஷமாக நான் தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கியதில்லை. உங்களுக்குப் புரியுமோ என்னவோ. எழுந்தபோது மறுநாள் காலை ஒன்பது மணி. போன் அடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஊர்ல இல்லையா? கதவு பூட்டியிருக்கு. உங்க மயில் நேத்துலருந்து விடாம கத்துது. ஒரு மாதிரியா கத்துதுண்ணே. உள்ள அக்கா பயந்துக்கப் போறாங்க."

"அக்காவ என்கூட கூட்டிட்டு வந்திருக்கேன்மா. ஆஸ்பத்திரியில காட்ட." அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்துச் சொல்லவில்லை.

"அப்படியா. மயிலுக்கு ஏதும் சீக்கோ என்னவோ. இருங்க, நீங்களே கேளுங்க" என்று போனைச் சுவருக்கு மேல் பிடித்தார்.

கேட்டேன். தெளிவாகவே கேட்டது. சத்தம் உடைந்திருந்தது, ஆனால் கடைசி எழுத்து மேலே ஏறியது.

"கேட்டுச்சாண்ணே? பின்பக்கமா போயிப் பாக்கட்டா?"

"வேணாம்மா. ஜோடி சேர்ற காலம், அப்படித்தான் கத்தும். கூண்டுகிட்டப் போனா கொத்திப்புடும்."

லாட்ஜ் கட்டிலுக்குக் கீழே, விலை போகாமல் மிஞ்சிய பீலிக் கட்டு கிடந்தது. அந்த வாரம் உதிர்ந்தது. தோகை உதிர்ந்த மயில் கத்தாது. இதுவரை சொல்லவில்லையே, இப்போது சொல்கிறேன்: அந்த மாதங்களில் கூண்டே ஊமையாகக் கிடக்கும்.

மறுபடியும் தூங்கினேன். சாயங்காலம் அந்தம்மாவே கூப்பிட்டு, "சத்தம் நின்னுடுச்சுண்ணே, இப்ப நிம்மதியா இருக்கு" என்றார். அடுத்த நாள் முதல் பஸ்ஸில் வந்தேன்.

ஸ்டூல் சாய்ந்து கிடந்தது. தண்ணீரை எட்டப்போய்க் கட்டிலிலிருந்து விழுந்திருக்கிறாள். வாசல் வரை வர முயன்றிருக்கிறாள் என்பது தரையைப் பார்த்தால் தெரிந்தது. நான் தரையைத் துடைத்தேன். அவளைத் தூக்கிப் படுக்க வைத்தேன். பிறகுதான் மருத்துவரைக் கூப்பிட்டேன். நாள்பட்ட நோயாளி, அவர் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. தையல்காரம்மாவிடம், ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்றே தூக்கத்தில் போய்விட்டாள் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. போன வாரம் பீலியை அலசி நிழலில் பரப்பிக்கொண்டிருந்தேன். அந்தம்மா சுவரோரம் வந்து நின்றார்.

"என்னண்ணே, ஒரு மாசமா மயில் சத்தமே காணோம்?"

"தோகை உதிர்ற மாசம்மா. இப்ப கத்தாது" என்றேன். தொழில்காரன் வாய். யார் கேட்டாலும் சொல்வதுதான்.

அவர் பீலிகளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "போன வருஷமும் இதே மாசம்தானேண்ணே அக்கா…" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். வீட்டுக்குள் போனார். மிஷின் சத்தம் கேட்கவில்லை. நேராக உங்களிடம்தான் வந்திருப்பார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பாவம், அவர் காதில்தான் அந்தச் சத்தம் ஒரு பகலும் ஓர் இரவும் விழுந்திருக்கிறது. நான் ஒரு நிமிஷம்தான் கேட்டேன்.

ஆமாம், அது அக்கா என்று எனக்குத் தெரியும். அடுத்த பஸ் ஏறியிருந்தால் அவள் உயிரோடு இருந்திருப்பாள். அந்தம்மாவை உள்ளே விட்டிருந்தால் பஸ் கூட வேண்டாம். தெரிந்துதான் படுத்தேன்.

ஆனால் ஒன்று. இதையும் சேர்த்து எழுதுங்கள். அக்கா கூப்பிட்டு நான் பதில் சொல்லாமல் இருந்ததே கிடையாது. அன்றைக்கும் "இதோ வர்றேன்க்கா" என்று சொன்னேன். போனை வைத்துவிட்டுத்தான் சொன்னேன், ஆனாலும் சொன்னேன்.