கட்டை பூத்துப்போச்சு

பேட்டரிக் கட்டை பூத்துப்போச்சுன்னா வெறுங்கையால தொடாதீங்க மேடம். கை அரிக்கும். அந்த வெள்ளப் பொடி பாக்கதுக்கு உப்பு மாதிரிதான் இருக்கும், ஆனா பட்ட எடம் எரியும். பழைய துணியச் சுத்தி கட்டைய வெளிய எடுத்துறணும். உள்ள தகட்டுலயும் ஸ்பிரிங்குலயும் ஒட்டியிருக்க பொடிக்கு எலுமிச்சம்பழச் சாறு ரெண்டு சொட்டு விட்டா நுரைச்சு வரும். பழைய பல்லு பிரஷ்ஷ வச்சு தேச்சு, துணியால ஒத்தி எடுத்து, காய விட்டுறணும். ரிமோட்டோ கடிகாரமோ, எதுன்னாலும் பொழச்சுக்கும்.

புருஷன் செத்த கதையக் கேட்டா இவ கட்டைக் கதை சொல்லுதாளேன்னு பாக்குதீங்க. ரெண்டும் ஒரே கதைதான், எழுதிக்கிடுங்க. டீ நல்லா இருந்துச்சு மேடம். சூடா இருந்துச்சு. போலீஸ் ஸ்டேஷன்ல இப்படி டீ குடுப்பாவன்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே வந்திருப்பேன்.

என் பேரு சந்தனமாரி. எங்க வீட்டுக்காரர் பேரு கண்ணபிரான். கோவில்பட்டியில மார்க்கெட் பக்கம் ஃபேன்சி ஸ்டோர் வச்சிருந்தாவ. டார்ச் லைட்டு, சுவர்க் கடிகாரம், ரிமோட்டு, எல்லாம் உண்டு. ஆனா யாவாரம்னா கட்டைதான். ராத்திரி ஆட்டுக் கெடை போடுதவிய, காட்டுக்குக் காவலுக்குப் போறவிய எல்லாரும் டார்ச்சுக்குக் கட்டை வாங்க எங்க கடைக்குத்தான் வருவாவ. வாரவியளுக்கெல்லாம் எங்க வீட்டுக்காரர் ஒரு யோசனை சொல்லுவாவ. "ரெண்டையும் எதுக்கு அண்ணாச்சி மாத்துதீங்க? ஒண்ணு மாத்துனா போதும். புதுசு பழச இழுத்துக்கிட்டுப் போயிரும்." கேக்குதவியளுக்கு மனசு குளுந்துரும். இந்தக் காலத்துல இப்படி ஒரு யாவாரியான்னு சந்தையெல்லாம் பேச்சு. கொஞ்ச நாள்ல அந்தப் பழசு பூத்து, ஒழுகி, டார்ச்சோட தகட்ட அரிச்சுத் தின்னுரும். புது டார்ச்சு வாங்கதுக்கும் நேர எங்க கடைக்குத்தான் வருவாவ. தர்மவான் கடையில்லா.

ஊருக்கு அது யாவாரம். சொல்லிச் சொல்லி கடைசியில எங்க வீட்டுக்காரரே அத நம்பிட்டாவ, அதுதான் வேடிக்கை. வீட்டுலயும் எதுக்கும் ஒத்தக் கட்டைதான் மாத்தணும். கடிகாரம் நின்னாலும் ஒண்ணு, ரிமோட்டு நின்னாலும் ஒண்ணு. எங்க கல்யாணமும் அந்தக் கணக்குதான்னு வைங்க. அவியளுக்கும் எனக்கும் பதினேழு வயசு வித்தியாசம். புதுசு பழச இழுத்துக்கிட்டுப் போயிரும்னு எங்கப்பாவும் நெனச்சிருக்கணும்.

என்னக் கூப்பிட அவிய ஒரு பேரு வச்சிருந்தாவ. "ஏட்டி, கட்டையில போறவளே." பிள்ளையாரப் பாத்துத் தோப்புக்கரணம் போடுத மாதிரி, காலையில எந்திரிச்ச உடனே அது வந்துரும். நாள் முழுக்கக் கட்டை விக்கிற மனுசன் வாயில வேற என்ன வார்த்தை வரும் சொல்லுங்க. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கிடல.

போன வருசம் அவிய குளிக்கிற எடத்துல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சுபோச்சு. கட்டில்ல படுத்தவியதான், எந்திரிக்கல. கடைய மூடியாச்சு. அதுகூட பழைய இழுப்பு நோய் வேற. எப்ப வரும்னு தெரியாது. வந்தா பேச்சு வராது, மூச்சு வாங்கும், வாயில வச்சு அடிக்கிற மருந்த உடனே அடிச்சு விட்டுறணும். இல்லன்னா ஆளு இருக்காதுன்னு டாக்டர் எனக்கும் என் மகனுக்கும் தெளிவாச் சொல்லித்தான் அனுப்புனாவ.

அந்த மருந்து அவிய தலமாட்டுல இருக்கக் கூடாதான்னு கேப்பீங்க. இருந்துச்சு மேடம். ஆனா தீந்துபோயிரும்னு அடிக்க மாட்டாவ. இழுப்பு வந்தாலும் பல்லக் கடிச்சுக்கிட்டு பொறுத்துப் பாப்பாவ, தானா அடங்கிருமான்னு. ஒரு தடவ உதடெல்லாம் நீலமாப் போச்சு. என் மகன் நந்தகோபால் கோயம்புத்தூர்ல இருக்கான். அன்னைக்கு வந்திருந்தவன் பதறிப்போயி, "அம்மா, இது உன் கையிலதான் இருக்கணும்"னு எங்கிட்ட குடுத்துட்டான். அடுப்படி அலமாரியில வச்சேன்.

அவன்தான் அந்த பெல்லையும் வாங்கி மாட்டுனான். கட்டில்ல ஒரு பொத்தான், அடுப்படியில ஒரு டப்பா. டப்பாவுல ரிமோட்டுக்குப் போடுத சின்னக் கட்டை ரெண்டு. அங்கன அமுக்குனா இங்கன ஒரு பொம்பளைக் குரல், "ப்ளீஸ் ஓப்பன் த டோர்"னு சொல்லும். வாசக்கதவுக்கு வைக்கிறது அது. வெல கொறச்சலா கெடச்சுதாம், வாங்கிட்டான். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமப் பொறந்திருக்கு.

பொறவு என்ன, நாள் முழுக்க அந்தப் பொம்பளை கதவத் தெறக்கச் சொல்லிக்கிட்டே இருந்தா. ஃபேனக் கூட்டணும், ப்ளீஸ் ஓப்பன் த டோர். ஃபேனக் கொறைக்கணும், ப்ளீஸ் ஓப்பன் த டோர். முதுகு அரிக்கி. ஈ உக்காருது. தலகாணி சூடா இருக்கு. அடுத்த வீட்டு ஜீனா டீச்சர் செவுத்துக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டுட்டு, "யாருக்கா வாசல்ல?"ன்னு எட்டிப் பாப்பாவ. "மகாராசா கூப்பிடுதாவ"ன்னு சொல்லுவேன். சிரிச்சுட்டு உள்ள போயிருவாவ.

அதெல்லாம் நான் பொறுத்துக்கிட்டேன். சாப்பாடுதான் மேடம். அவியளுக்குக் காது மட்டும் பழுது கெடையாது. நான் சோத்து வட்டில எடுத்து வைக்கிற சத்தம் கேட்டாப் போதும், அங்கன கை பொத்தானுக்குப் போயிரும். முதக் கவளம் தொண்டையில எறங்காது, அதுக்குள்ள அந்தப் பொம்பளை பேச ஆரம்பிச்சுருவா. ஓடிப்போயி என்னன்னு கேட்டா, "ஒண்ணுமில்ல, நீ இருக்கியான்னு பாத்தேன்"ம்பாவ. திரும்பி வந்தா சோறு ஆறிக் கெடக்கும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வரும். சொல்லிருதேன், உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும்.

இது படுத்த பொறவு வந்த பழக்கமும் இல்ல. கடை இருந்தப்ப தூக்குல சூடா சோறு கொண்டுபோவேன். அவிய சாப்பிட்டு, வெத்தலை போட்டு, ஒரு தூக்கம் போட்டு எந்திரிக்கிற வரைக்கும் நான் கல்லாவுல இருக்கணும். வீட்டுக்கு வந்து நான் வட்டில் முன்னால உக்காரும்போது பொழுது சாஞ்சிருக்கும். ஆறின கஞ்சி பழங்கஞ்சிம்பாவ. அப்படிப் பாத்தா நான் கல்யாணம் ஆன நாள்ல இருந்து பழங்கஞ்சிதான் குடிச்சிருக்கேன். இதெல்லாம் ஒரு காரணமான்னு நீங்க நெனைக்கிறது மூஞ்சியில தெரியுது. உங்க வீட்டுல சூடா சாப்பிடுதீங்க போல.

இந்தச் சித்திரை வெயில்ல பெல்லு டப்பாவுல கட்டை பூத்துச்சு. அவிய சொல்படி ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசுன்னு போட்டு வச்சிருந்தா பூக்காம என்ன செய்யும். முதல்ல குரல் மாறுச்சு. அந்தப் பொம்பளை ஆம்பளை மாதிரி இழுத்து இழுத்துப் பேசுனா. பொறவு தூங்கி வழிஞ்சா. ஒரு நாள் மத்தியானம் அடியோட நின்னுபோச்சு. எனக்கு முதல்ல அது தெரியாது. சத்தியமாத் தெரியாது. வட்டில் போட்டு உக்காந்தேன். சுண்டவத்தக் குழம்பு, அப்பளம், அவ்வளவுதான். யாரும் கூப்பிடல. நாக்கு சுட்டுச்சு மேடம். நாக்கு சுடுறதுல இப்படி ஒரு சொகம் இருக்குன்னு எனக்கு மறந்தே போச்சு. சாப்பிட்டு முடிச்சு, வட்டில வழிச்சு நக்கிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி உக்காந்திருந்தேன்.

உள்ள போனா அவிய பொத்தான அமுக்கி அமுக்கி கை வலிச்சுப்போயி கெடந்தாவ. நல்லவேளை, அன்னைக்கு இழுப்பு வரல. டப்பாவத் தெறந்து பாத்துட்டு, "கட்டை பூத்துப்போச்சு"ன்னேன். "எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்டி. ஒண்ணு மாத்துனா போதும். ரெண்டையும் மாத்தித் தொலைச்சிராத, கட்டையில போறவளே"ன்னாவ. தேச்சேன். ஸ்பிரிங்கு பளபளன்னு ஆயிருச்சு. அழுக்கு இருந்தா எனக்குக் கையி நிக்காது. ஆனா ரெண்டும் புதுசாத்தான் போட்டேன். அவிய சொல்ல நான் தட்டினது அது ஒண்ணுதான். பூத்த ரெண்டையும் பேப்பர்ல பொதிஞ்சு அலமாரி மேல வச்சேன். ஏன் தூக்கிப் போடலன்னு நேத்தும் கேட்டீங்க. எங்க வீட்டுல எதையும் தூக்கிப் போடுற பழக்கம் இல்ல மேடம். அவ்வளவுதான். வேற ஒண்ணும் அப்ப மனசுல இல்ல. இருந்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும்லா.

பொறவு ஒரு செவ்வாக்கிழமை உளுந்தஞ்சோறு வச்சேன். கடம்பூர் பக்கத்து உளுந்து, தொலியோட வறுத்து ஒடச்சது. அரிசி, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பூ எல்லாம் போட்டுப் பொங்கி, எள்ளுத் துவையல் அரைச்சு, நல்லெண்ணெய் ஊத்தி வச்சேன். உளுந்தஞ்சோறு ஆறுச்சுன்னா வெறைச்சு செங்கல் மாதிரி ஆயிரும். சூட்டோடதான் தின்னணும். அவியளுக்கு முதல்ல ஊட்டிவிட்டு, வாயத் தொடச்சு விட்டுட்டு வந்துதான் எனக்குப் போட்டேன். கல்லானாலும் கணவன்லா.

அதுக்குப் பொறவு நடந்ததா நான் எல்லார்ட்டயும் சொன்னது உங்களுக்குத் தெரியும். பெல்லு அடிக்கல, சாப்பிட்டு முடிச்சுப் போயிப் பாத்தா ஆளு போயிட்டாவ, டப்பாவத் தெறந்தா கட்டை பூத்துக் கெடக்கு. ஊரே நம்புச்சு. நம்பாம என்ன, நம்ம ஊருல பூக்காத கட்டை எந்த வீட்டுல இருக்கு? "அவரே கட்டை யாவாரி, கடைசியில கட்டையே கழுத்தறுத்துட்டுது பாருங்க"ன்னு துட்டி கேக்க வந்தவிய சொன்னாவ. "ஒத்தக் கட்டை மாத்துத புத்தி"ன்னு கடைத்தெருக்காரவிய தங்களுக்குள்ள சொல்லிக்கிட்டாவ. நந்தகோபால் அந்த பெல்லுக் கம்பெனிமேல கேசு போடப் போறேன்னு குதிச்சான். நான் மூலையில உக்காந்து அழுதேன். அழுகையும் வரத்தான் செஞ்சுது, பொய் சொல்லல.

கெட்டது எங்கன தெரியுமா? கருமாதிக்கு வந்த ஜீனா டீச்சர், பாவம், சூது வாது தெரியாதவிய. "அன்னைக்கு மத்தியானம்கூட அந்தக் குரல் கேட்டுச்சேக்கா, கணீர்னு. யாரோ வாசல்ல நிக்காவன்னு வெளிய வந்து பாத்தேன்"னு என் மகன் முன்னால சொல்லிட்டாவ. அவன் என்னப் பாத்தான். மறுநாள் உங்ககிட்ட வந்து எழுதிக் குடுத்துட்டான். நீங்களும் வந்தீங்க. டப்பாவத் தெறந்தீங்க. கட்டை ரெண்டும் வெள்ளை வெளேர்னு பூத்திருக்கு, ஆனா அது உக்காந்திருந்த ஸ்பிரிங்குல ஒரு பொட்டுப் பொடி இல்ல. "எம்மா, கட்டை மட்டும் எப்படிம்மா பூத்துச்சு?"ன்னு கேட்டீங்க பாருங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. சுத்தமா வச்சதுக்கு மாட்டிக்கிட்ட பொம்பளை நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

சரி, நடந்ததச் சொல்லுதேன். பெல்லு அடிச்சுது. புதுக் கட்டையில்லா, நல்ல கணீர்க் குரல். நான் ரெண்டு வாய்தான் சாப்பிட்டிருந்தேன். சும்மாதான் கூப்பிடுதாவன்னு நெனச்சேன்னு எழுதிக்கிடலாமான்னு கேட்டீங்க, எனக்கு நல்லது செய்யுததா நெனச்சு. வேண்டாம். நிறுத்தாம அமுக்குனாவ, அது எனக்கு எதுக்குன்னு தெரியும். எந்திரிச்சேன். அலமாரியில இருந்து மருந்த எடுத்தேன். அவிய ரூம்பு வாசல் வரைக்கும் போனேன்.

நெஞ்சு ஏறி ஏறி எறங்குச்சு. கண்ணு பிதுங்கியிருந்துச்சு. என்னப் பாத்தாவ. பொறவு என் கையில இருந்த மருந்தப் பாத்தாவ. அப்ப அவிய மூஞ்சியில ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, இனிமே பயமில்லன்னு. பொத்தான்ல இருந்து கையக்கூட எடுத்துட்டாவ. அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிக்கும்போது எனக்கு ஒண்ணு தோணுச்சு. இத்தனை வருசத்துல ஒரு தடவையாவது இந்த மனுசன் என்ன "சாப்ட்டியா"ன்னு கேட்டிருக்காவளான்னு யோசிச்சேன். நல்லாத்தான் யோசிச்சுப் பாத்தேன். அவசரப்படல.

"சாப்டுட்டு வாரேன்"னு சொன்னேன். சத்தம்லாம் போடல. பக்குவமாத்தான் சொன்னேன்.

திரும்பி வந்து உக்காந்தேன். ஆவி இன்னும் அடங்கல. அந்தப் பொம்பளை மறுபடியும் கதவத் தெறக்கச் சொன்னா, பல தடவ சொன்னா. பொறவு டம்ளரக் கட்டில் சட்டத்துல தட்டுத சத்தம் கேட்டுச்சு. பொறவு அதுவும் இல்ல. ரெண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டேன். கையக் கழுவி, வட்டிலக் கழுவி, டப்பாவுல இருந்த புதுசு ரெண்டையும் கழட்டிட்டு, அலமாரி மேல இருந்த அந்தப் பூத்த கட்டையத் துணியச் சுத்தி எடுத்து அதுல போட்டேன்.

கொலைன்னு எழுதுதீங்க. எழுதுங்க, நீங்க படிச்சவிய. ஆனா நான் வரமாட்டேன்னு சொல்லல மேடம். சாப்டுட்டு வாரேன்னுதான் சொன்னேன். போகவும் செஞ்சேன்.