சாமை ஆலையில் ஒரு செயல்விளக்கம்

பாதுகாப்பு ஷூ முதல் வாரம் கடிக்கும் சார். அதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. போளூரில் மின்பாதுகாப்புப் பயிற்சி முடிந்ததும் ஒரு சான்றிதழையும் இந்த ஷூவையும் கொடுத்து மலைக்கு அனுப்பிவிட்டார்கள். காவலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் சாமை ஆலைக்கு அன்றிலிருந்து நான்தான் பாதுகாப்புப் பொறுப்பாளர். கல்லூரியில் மேடையேறி ஆட்களைக் கிண்டலடித்துத் திரிந்தவன். வேறு வேலை அமையாததால் இது அமைந்தது.

ஆலையில் ஷூ போட்ட கால் என்னுடையது மட்டும்தான். தானியம் குவிந்திருக்கிற இடத்துக்கு எங்கள் ஆட்கள் செருப்போடு போக மாட்டார்கள். வாசல் குழாயில் கைகால் கழுவிக்கொண்டு ஈரத்தோடு உள்ளே வந்து, மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார்கள். மின்சாரத்துக்கு இதைவிட நல்ல வரவேற்பு கிடையாது. பயிற்சியில் இதற்கென்று பாடம் இல்லை.

ஆனந்தனைப் பற்றிக் கேட்டீர்கள். ஆலையில் மெஷின் ரிப்பேர் எல்லாம் அவன்தான். நானும் அவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். என் தங்கை கல்பனாவை அவனுக்கு நிச்சயம் செய்திருந்தோம். தை பிறந்தால் கல்யாணம். மெயினை இறக்காமல் அவன் மெஷினைத் திறந்ததில்லை, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கரண்டு உண்மையிலேயே நின்றதா என்று டெஸ்டர் வைத்துப் பார்க்க மாட்டான். மெயின் போர்டு அடுத்த அறையில் இருக்கிறது. மெஷின்மேல் மாட்டியிருக்கும் பல்பு அணைந்தால் போதும் அவனுக்கு. நேராகப் போய் இரண்டு கையாலும் மெஷின் விளிம்பைப் பிடித்து நெற்றியை வைத்துக் கும்பிடுவான்.

என் முதல் பாதுகாப்பு வகுப்பில் இதை எடுத்துச் சொன்னேன்.

“மச்சான், கும்புடறதுக்கு முன்னாடி டெஸ்டர் வெச்சிப் பாருடா.”

“சாமிக்கே டெஸ்டரா? அப்போ தாலி கட்டறப்போ உன் தங்கச்சிக்கும் வெச்சிப் பாத்துட்டுக் கட்டட்டா?”

சாமை புடைக்கிற பெண்கள் சிரித்தார்கள். அம்மாக்கண்ணு அக்கா சிரித்த சிரிப்பில் முறத்திலிருந்த சாமை பாதி தரையில் கொட்டியது. “ஷூ மாட்டிக்கினா இன்ஜினீரு ஆயிடுவியா லட்சுமணா?” என்றாள் செல்லி. நானும் சிரித்தேன். நல்ல ஜோக்குதான். பதிலுக்குத்தான் எனக்கு ஒன்றும் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு நிறைய வந்தது. வகுப்பு முடிந்துவிட்டிருந்தது.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. பல்புக்குப் போகிற வயரை எலி கடித்துவைத்திருந்தது. மெஷினைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று பெண்கள் சொன்னார்கள். கசிவு இருந்தால் தானாக விழ வேண்டிய டிரிப் ஸ்விட்ச் மழைக்கு மழை விழுந்து உயிரை எடுத்ததால், அது இல்லாமல் நேராக லைன் கொடுத்து வைத்திருந்தோம். நானும் தொட்டுப் பார்த்தேன். விரல் நுனியில் லேசாகக் கடித்தது, அவ்வளவுதான். நான் ஷூ போட்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த யோசனை. ஒரே ஒரு தடவை சுருக்கென்றால் ஆயுசுக்கும் டெஸ்டரை மறக்க மாட்டான். கல்பனா தாலியோடு நல்லபடியாக இருக்க வேண்டும். ஒரு அண்ணன் வேறு என்ன சார் நினைப்பான்?

மறுநாள் காலையில் வயரை மாற்ற ஆனந்தன் வந்தான். மெயினை இறக்கினான். பல்பு அணைந்ததைப் பார்த்துவிட்டுக் கைகால் கழுவக் குழாய்க்குப் போனான். நான் பல்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் சூடாக இருந்தது. பிறகு அடுத்த அறைக்குப் போய் மெயினை ஏற்றினேன். பல்பு இருந்தால் எரிந்து காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா.

“வாங்கக்கா, இன்னிக்கு ஒரு செயல்விளக்கம் கீது” என்று பெண்களையும் கூப்பிட்டேன். பாடம் என்றால் எல்லோருக்கும்தானே.

ஆனந்தன் ஈரக்காலோடு உள்ளே வந்தான். “இன்னா மச்சான், கூட்டம் சேத்துக்கினு நிக்கற? மாப்ள அழைப்பா?” என்றான். அதற்கும் சிரித்தார்கள். அவன் விளிம்பைப் பிடித்துக் குனிந்தான்.

உடம்பு உதறியது. அவன் எப்போதும் எதையாவது நடித்துக் காட்டுகிறவன் என்பதால் யாரும் பயப்படவில்லை. நான் பேச வேண்டியதைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். “பாத்தீங்களா, டெஸ்டர் வெக்காதவனுக்கு சாமி எறங்கிடுச்சி!” என்றேன். அதுதான் முதல் வரி. ஆலையே அதிர்ந்தது. செல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டாள்.

முதலில் சிரிப்பை நிறுத்தியது அம்மாக்கண்ணு அக்கா. “டேய் லட்சுமணா, அவன் கண்ணைப் பாருடா” என்றார்.

“இருங்கக்கா, முடிச்சிடறேன்” என்றேன். முடித்தேன். பெரிய பேச்சில்லை சார். பிறகு போய் மெயினை இறக்கினேன்.

ஜீப்பில் அவன் கால் என் மடியில் இருந்தது. இன்னும் ஈரம் காயவில்லை. என் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தேன். பாதி மலை இறங்குவதற்குள் தலைமாட்டில் இருந்த அம்மாக்கண்ணு அக்கா டிரைவரிடம், “மெள்ளப் போப்பா, இனிமே இன்னா அவசரம்” என்று சொல்லிவிட்டார். நான் துடைப்பதை நிறுத்தவில்லை.

கல்பனா என்னைத் திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. கல்யாணத்துக்கு எடுத்த புடவையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “அவரு நடிக்கலைன்னு உனுக்குத் தெரியிலியாண்ணா?”

தெரியவில்லை என்று சொன்னேன். அவள் நம்பிவிட்டாள். இந்த ஊரில் என்னை நம்புகிற ஒரே ஆள் இப்போது அவள்தான். அதனால் இதை அவளிடம் சொல்ல வேண்டாம், நீங்கள் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் குனிந்த உடனேயே தெரிந்தது சார். ஆனால் அப்போது அவர்கள் என் ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.