சிவப்புத் தலைக் கொக்கை வரைந்தது யார் என்பது குறித்து

என் பெயர் சோபியா. வயது 26. தகப்பனார் பெயர் பெஞ்சமின். உத்திரமேரூர் வட்டம், பெருநகர், சர்ச் தெருவில் பெற்றோருடன் வசித்து வருகிறேன். உத்திரமேரூரில் பிளக்ஸ் கடை நடத்தும் மோகன்குமார் என்பவர் என் மீது கொடுத்த மனு சம்பந்தமாக அழைக்கப்பட்டு, இன்று 14.06.2025 சனிக்கிழமை காலை 11 மணிக்கு என் தாயார் செல்லாயியுடன் காவல் நிலையத்தில் ஆஜராகி, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொல்வது.

மேற்படி மோகன்குமார் கடையில் 2022 முதல் 2023 டிசம்பர் வரை வேலை பார்த்தேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் முகங்களை வெட்டி ஒட்டி பேனர் செய்தது நான்தான். ஒரு காதுகுத்து பேனரில் தாய்மாமன் முகத்தைச் சித்தப்பா முகத்தைவிடச் சிறிதாக வைத்துவிட்டு வாங்கிய திட்டுக்கு நானே தனி மனு போட்டிருக்கலாம். அதன் பிறகு வேலையை விட்டுவிட்டு, படம் வரையவும் வரைந்த படத்தை அசைய வைக்கவும் வீட்டிலிருந்தே இணையத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். எனக்கு வாத்தியார் கிடையாது. எந்தெந்த நாட்டிலோ யார் யாரோ வரைந்த படங்களை பின்டரஸ்ட் என்ற இணையதளத்தில் பார்ப்பேன், பிடித்ததைச் சேமித்து வைப்பேன், ஏன் பிடித்தது என்று நோட்டில் தேதி போட்டு ஒரு வரி எழுதுவேன். அதன் பிறகு போனை மூடி வைத்துவிட்டு மறுநாள்தான் வரைவேன். பார்த்துக்கொண்டே வரைந்தால் கை சோம்பேறியாகிவிடும் என்பது என் அனுபவம்.

அப்படி 2025 பிப்ரவரியில், நடவு நடும் பெண்கள் அடியடியாகப் பின்னால் நகர, பக்கத்து வரப்பில் ஒரு கொக்கும் அவர்களுக்கு ஈடாகப் பின்னால் அடியெடுத்து வைப்பதுபோல இருபது விநாடி ஓடும் படம் ஒன்று செய்தேன். பெண்களை என் தாயாரைப் பார்த்து வரைந்தேன். அவர் முப்பது வருடமாக நடவுக்குப் போகிறவர். கொக்கை மட்டும் ஜப்பான் நாட்டு ஓவியர் ஒருவரின் படத்தில் பார்த்து மயங்கிவிட்டேன். அதற்குத் தலையில் சிவப்பு, கழுத்திலும் வால் பக்கத்திலும் கறுப்பு. நம் ஊர் வயலில் அப்படி ஒரு கொக்கு கிடையாது என்பது வரையும்போது எனக்கு உறைக்கவே இல்லை. படத்தைக் காட்டியதும் என் தாயார், "இன்னாடி இது, கொக்கு தலையில குங்குமம் வெச்சிகினு கீது?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருந்தாலும் பார்க்க அழகாக இருந்ததால் மாற்ற மனம் வராமல் அப்படியே என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டேன். படத்தின் ஓரத்திலேயே என் பெயரையும், கொக்கு மட்டும் இவர் படத்தைப் பார்த்து வந்தது என்று அந்த ஓவியரின் பெயரையும் எழுதினேன். அவருக்கும் தகவல் அனுப்பினேன். அவர் சிரித்த முகம் ஒன்றைப் பதிலாக அனுப்பியிருந்தார்.

சென்ற மாதம் மானாம்பதி வேதகிரி என்பவரின் அரிசி ஆலை விளம்பரம் வாட்ஸ்அப்பில் வந்தது. அதில் ஓடியது என் படம். பெண்களின் சேலை நிறத்தை மாற்றியிருந்தார்கள், என் பெயரையும் ஜப்பான் ஓவியரின் பெயரையும் அழித்துவிட்டு அந்த இடத்தில் மோகன்குமார் கடையின் பெயரைப் போட்டிருந்தார்கள். கொக்கின் தலையில் அதே குங்குமம். ஆலையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இது நான் வரைந்த படம் என்று எழுதினேன். அதன் பிறகுதான் மேற்படி நபர், அந்தப் படம் 2023-லேயே தான் வரைந்தது என்றும், வேலையை விடும்போது கடைக் கம்ப்யூட்டரிலிருந்து நான் திருடிக்கொண்டு போனதாகவும் மனு கொடுத்திருக்கிறார்.

இந்தப் படத்தைப் பார்த்துத்தான் சென்னையில் ஓர் அனிமேஷன் கம்பெனி என்னை வேலைக்கு எடுப்பதாகச் சொன்னது. மனு விஷயம் அவர்கள் காதுக்கும் போய்விட்டது. வரும் திங்கட்கிழமைக்குள் மனு முடிந்ததாகக் காவல் நிலையத்திலிருந்து தாள் கொண்டுவந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இன்று உதவி ஆய்வாளர் மேடம் என்னையும் மோகன்குமாரையும் ஒன்றாக வைத்து விசாரித்தார். கொக்கை எங்கே பார்த்து வரைந்தீர்கள் என்று கேட்டதற்கு மோகன்குமார், பெருநகர் வயலில் நேரில் பார்த்து வரைந்ததாகச் சொன்னார். இந்த வாக்குமூலத்தை எழுதும் ஏட்டு கன்னியப்பன் ஐயா பெருநகர்க்காரர். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு அம்பத்திரண்டு வயசாவுது நைனா. எங்க கழனில தல செவந்த கொக்க நான் பாத்ததே இல்ல" என்றார். அதன் பிறகு நான் நோட்டையும், சேமித்து வைத்திருந்த ஜப்பான் படத்தையும் காட்டினேன். ஈயடிச்சான் காப்பி என்று சொல்வார்கள். இதில் அந்த ஈயை அடித்து வைத்தது நான். அது எங்கிருந்து பறந்து வந்தது என்று என்னால் சொல்ல முடியும், அவரால் முடியாது.

உடனே மோகன்குமார், நான் மட்டும் யோக்கியமா, நானும் ஜப்பான்காரரிடம் சுட்டவள்தானே என்று கேட்டார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று மேடமும் கேட்டார். நான், "பாத்தத பாத்தேன்னு பேர் போட்டு சொல்லிகீறேன் மேடம். இவரு என் பேரோட அந்தப் பேரையும் சேத்து அழிச்சிட்டாரு" என்றேன்.

அதன் பிறகு மோகன்குமார், உருவாக்கம் என்று படத்தில் எங்கள் இரண்டு பேர் பெயரையும் போட்டுக்கொள்ளலாம், மனுவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றார். சம்மதித்தால் இன்று மாலையே தாள் கிடைக்கும், இல்லாவிட்டால் கடைக் கம்ப்யூட்டரைச் சோதிக்க அனுப்பவேண்டும், திங்கட்கிழமைக்குள் முடியாது என்று மேடம் விளக்கினார். எனக்கு அந்த வேலை வேண்டும். வேண்டாம் என்று வீம்புக்குச் சொன்னால் அது பொய். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாயாரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர், "நான் நட்ட கழனி ஒண்ணாவது என் பேர்ல கீதா? நீ வரைஞ்சதாவது உன் பேர்ல இருக்கட்டும்" என்றார்.

திரும்பி வந்து சம்மதமில்லை என்று சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டரைச் சோதிக்கட்டும், எத்தனை நாள் ஆனாலும் வருகிறேன். கம்பெனிக்கு இந்த வாக்குமூலத்தின் நகலை அனுப்புவேன். அதையும் நம்பாவிட்டால் அவர்கள் வேறு ஆளைப் பார்க்கட்டும், நான் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறேன்.

ஏட்டு ஐயா எழுதியதை எனக்கும் என் தாயாருக்கும் முழுவதும் படித்துக் காட்டினார். படிவத்தில் தொழில் என்ற இடத்தில், என்னைக் கேட்காமலே, கூலி என்று எழுதியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, சர்ச் தெரு என்றால் கை தானாக அப்படி எழுதிவிடுகிறது என்றார். அதை அடித்துவிட்டு ஓவியர் என்று எழுதச் சொன்னேன். எழுதினார். அந்தத் திருத்தத்தின் பக்கத்தில் முதல் கையெழுத்தைப் போட்டேன். மற்றதெல்லாம் நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, உண்மை என்பதற்கு இது இரண்டாவது கையெழுத்து.

(ஒப்பம்) பெ. சோபியா, ஓவியர்